மஞ்சளில் தொடங்கி மண்ணெண்ணெய் வரை

இலங்கையின் 2022 நெருக்கடி என்றதும் எல்லாருக்கும் பெற்றோல் வரிசைதான் கண்முன் வரும். அந்த வரிசைக்கு இரண்டு வருடம் முன்பே கடைத் தட்டுகளில் சாமான் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியிருந்தது. எது முதலில் போனது, அடுத்து எது போனது என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பொருளாதாரம் படிக்காதவருக்கும் நாடு எந்த வழியாக விழுந்தது என்பது விளங்கும்.

முதலில் போனது மஞ்சள். உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றப் போகிறோம் என்று 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை இறுக்கினார்கள். உள்ளூரில் விளைவது நாட்டுத் தேவைக்குக் கிட்டவும் வராது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்து, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்க ஊரே மஞ்சள் தேடியது. கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போனது. மாவில் நிறம் சேர்த்து மஞ்சள் என்று விற்றார்கள். இராமநாதபுரம் கரையிலிருந்து மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் மஞ்சள் மூடைகளைப் படகில் கடத்துவது ஒரு தொழிலாகவே ஆனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நின்றது. சமையலறைச் சாமானும் காரும் ஒரே தடைப் பட்டியலில் வந்து சேர்ந்தபோதே, இங்கே தட்டுப்பாடு டொலருக்குத்தான் என்பது தெரிந்துவிட்டது.

அந்த டொலர் கணக்கு இப்படி. 2021இல் இலங்கை ஏற்றுமதியில் சம்பாதித்தது ஏறக்குறைய 1,250 கோடி டொலர். இறக்குமதிக்குக் கொடுத்தது 2,060 கோடி. துண்டு விழுந்த 800 கோடிச் சொச்சத்தை அடைக்க மூன்று வழிகள் இருந்தன: சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம், கடன். சுற்றுலாவை 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு பாதி முறித்தது, கொரோனா மீதியை முறித்தது. கடன் வழியை அடைத்தது அரசாங்கமே. 2019 டிசம்பரில் வற் வரியை (பெறுமதி சேர் வரியை) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறக்கினார்கள். வற் கட்ட வேண்டிய வியாபாரத்தின் எல்லையை வருடத்துக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாய்க்கு ஒரேயடியாக உயர்த்தினார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியும் போனது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் இரண்டே வருடத்தில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்ட அரசாங்கத்துக்கு வெளிச்சந்தையில் யாரும் புதிதாகக் கடன் கொடுக்கவில்லை. அரசாங்கம் பத்திரம் எழுதிக் கொடுத்து முன்பு வாங்கிய பிணைமுறிக் கடனைக் கட்டக் கையிருப்பிலிருந்து எடுத்தார்கள். உள்ளூர்ச் செலவுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் 310 கோடி. அதிலும் 150 கோடி சீனாவுடன் செய்த நாணயப் பரிமாற்றம், அதாவது ரூபாய்க்கு மாற்றாக வாங்கிவைத்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அந்தப் பணத்தைத் தொடலாம் என்பது நிபந்தனை. கையிருப்பு இல்லாத நேரத்தில் உதவாத கையிருப்பு அது.

மிஞ்சிய வழி வெளிநாட்டிலிருந்து வரும் பணம். அதைக் கெடுத்தது 203 என்ற ஒரு எண். நெருக்கடிக்கான காரணங்களில் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முன்னால் வைப்பேன். 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் 7 வரை ஒரு டொலரை 200, 203 ரூபாய் அளவிலேயே மத்திய வங்கி பிடித்து வைத்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர் 240க்கும் மேலே கொடுத்தார். கட்டாரில் இருந்து ஒருவர் வீட்டுக்கு 300 டொலர் அனுப்புகிறார் என்று வையுங்கள். வங்கி வழியாக 60,900 ரூபாய். டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று டிசம்பரில் அறிவித்ததைச் சேர்த்தாலும் 63,900. உண்டியலில் 72,000. மாதம் 8,100 ரூபாய் வித்தியாசத்தை நாட்டுப்பற்றுக்காக விட்டுக்கொடுங்கள் என்று கூலி வேலைக்குப் போனவரிடம் கேட்க முடியாது. 2021 ஜனவரியில் வங்கி வழியே வந்தது 67 கோடியே 50 இலட்சம் டொலர். 2022 ஜனவரியில் 25 கோடியே 90 இலட்சம். வீட்டுக்குப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது, நாட்டுக்குள் டொலர் வரவில்லை. உண்டியலில் ரூபாய் இங்கேயே கைமாறும். டொலர் அங்கேயே தங்கி, வேறு யாரோ ஒருவரின் இறக்குமதிக்கோ பணப்பதுக்கலுக்கோ போய்விடும்.

இவ்வளவு வறண்ட பிறகும், 2022 ஜனவரி 18ஆம் தேதி முதிர்ந்த 50 கோடி டொலர் பிணைமுறியைச் சொன்ன நாளில் முழுசாகக் கட்டினார்கள். கட்ட வேண்டாம், கடன்காரரோடு பேசுங்கள், அந்த டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று அப்போதே பலர் எடுத்துச் சொன்னார்கள். மூன்று மாதம்கூடக் கழியாமல் ஏப்ரல் 12ஆம் தேதி, இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த 50 கோடி கையில் இருந்திருந்தால் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமாவது இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது.

இனி வீட்டுக்குள் வருவோம். பால்மாவும் காஸும் 2021 ஓகஸ்டிலேயே தட்டுப்பாடாயின. இறக்குமதியாளர் சரக்கு எடுக்க வங்கியில் நாணயக் கடிதம் திறக்க வேண்டும், சரக்குக்குப் பணம் தருவோம் என்று வங்கி கொடுக்கும் உறுதி அது. வங்கியிடம் டொலர் இல்லையென்றால் கடிதம் இல்லை. முன்பே வந்து இறங்கிய கொள்கலன்களும் பணம் கட்டாமல் துறைமுகத்தில் கிடந்தன. கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம், அதுவும் டொலரில். அந்தக் கட்டணம் கடைசியில் பால்மா பைக்கற்றின் விலையில்தான் ஏறும். அரசாங்கம் முதலில் அவசரகால விதிகளைப் போட்டுப் பதுக்கல்காரரைத் தேடியது. டொலரைத் தேட வேண்டிய நேரம் அது. அக்டோபரில் பால்மா, காஸ், கோதுமை மா, சீமெந்து நான்குக்கும் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 400 கிராம் பால்மா 380 ரூபாயிலிருந்து 480, டிசம்பரில் 540, மார்ச்சில் 790. தேநீர்க் கடையில் ஒரு பால் தேத்தண்ணி 100 ரூபாய். பல வீடுகளில் பிள்ளைக்கு மட்டும் பால், பெரியவர்களுக்கு வெறும் தேத்தண்ணி. பிறகு பிள்ளைக்கும் அதுவே.

12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 அக்டோபர் வரை 1,493 ரூபாய். அந்த மாதமே 2,675. 2022 ஏப்ரலில் 4,860. விலையை விடப் பயம் பெரிதாக இருந்த காலமும் ஒன்று உண்டு: 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுப்படிகளில் காஸ் வெடித்தது. வாயுக் கலவையை மாற்றியதுதான் முதன்மைக் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. வழக்கமான கலவையில் பியூட்டேன் கூடுதல், புரோப்பேன் குறைவு. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். வருடக்கணக்கில் மாற்றாத ரெகுலேற்றரும் வெடிப்பு விழுந்த ரப்பர் குழாயும் அதைத் தாங்காமல் கசியும். சவர்க்கார நுரையைக் குழாய்ப் பொருத்தில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க நாடே அப்போதுதான் கற்றுக்கொண்டது. குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருதரமாவது மாற்றுங்கள். இது நெருக்கடி இல்லாத காலத்துக்கும் பொருந்தும்.

காஸ் போனதும் விறகு. வடக்கில் வளவு உள்ள வீடுகளுக்குப் பனையிலும் தென்னையிலும் இருந்து எரிக்க ஊமல், கொக்கறை, பன்னாடை, தென்னம்பாளை, பொச்சு என்று ஏதாவது கிடைத்தது. கொழும்பில் தொடர்மாடி வீட்டுக்காரர் என்ன செய்வார்? புகை போக இடமில்லை, விறகு வைக்க இடமில்லை. மண்ணெண்ணெய்க் குக்கர் வாங்கினார்கள். அடுத்த வரிசை மண்ணெண்ணெய்க்கு.

இதற்குள் வயலையும் பாழாக்கிவிட்டார்கள். இரசாயன உர இறக்குமதியை 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் (அரசிதழில்) நிறுத்தினார்கள். இயற்கை விவசாயம் என்று பெயர் சொன்னாலும், உரத்துக்குப் போகும் டொலரை மிச்சம் பிடிக்கும் எண்ணம் அதற்குள் இருந்தது. இது ஏன் நடக்கவே முடியாத காரியம் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய 50 கிலோ யூரியா மூடை இரண்டு. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆக 46 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்றரை சதவீதம் இருந்தால் பெரிய விசயம். அதே 46 கிலோவுக்கு 3,000 கிலோவுக்கும் மேல் கூட்டெரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிர் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவிழ்வது ஒரு பங்குதான். இரண்டு மூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த விவசாயி ஏக்கருக்கு ஒரு லொறி எரு தேட வேண்டும். அவ்வளவு எரு நாட்டில் இல்லை, ஏற்றி இறக்க டீசலும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள். பெரும்போகத்தின் (மழைக்கால நெற்செய்கையின்) விதைப்புக் காலம் அதற்குள் போய்விட்டது. அந்தப் போகத்தில் நெல் முந்தைய வருடத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கிலோ 100 ரூபாய் அளவில் இருந்த நாட்டரிசி 200ஐத் தாண்டியது. அரிசியில் தன்னிறைவாக இருந்த நாடு, இல்லாத டொலரைக் கொடுத்து அரிசி இறக்கியது. உரத்தில் மிச்சம் பிடித்தது அரிசியில் போனது. கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய ஒரு கப்பல் சேதன (இயற்கை) உரத்துக்காகச் சீன நிறுவனம் ஒன்றுக்கு 67 இலட்சம் டொலர் கட்டியதும் இந்தக் கணக்கில் உண்டு.

மின்சாரமும் எரிபொருளும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகு (கச்சா) எண்ணெய் வாங்கக் காசில்லாமல் 2021 நவம்பரில் மூடியது, திறந்தது, திரும்பவும் மூடியது. நாட்டின் உலை எண்ணெயும் மண்ணெண்ணெயும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். உலை எண்ணெய் இல்லாமல் அனல் மின் இயந்திரங்கள் நின்றன. பெப்ரவரி, மார்ச்சில் நீர்த்தேக்கங்களும் வற்றும் காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லை. மின்வெட்டு நீண்டதும் கடைக்காரரும் ஆஸ்பத்திரிகளும் தொலைபேசிக் கோபுரங்களும் ஜெனரேற்றருக்கு டீசல் தேட, டீசல் வரிசை இன்னும் நீண்டது. கிணற்று மோட்டர் ஓடாது, தொட்டியில் தண்ணீர் இராது. ஐஸ் தொழிற்சாலை ஓடாது, பிடித்த மீன் கெடும். இன்சுலின் குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி மண்பானைத் தண்ணீரில் வைத்தார்கள்.

மார்ச் 7க்குப் பிறகு ரூபாயை விட்டுவிட்டார்கள். 203இல் இருந்தது மே மாதம் 360. அதுவரை வரிசையாக நின்ற தட்டுப்பாடு இப்போது விலையாகவும் வந்தது. 92 ஒக்ரேன் பெற்றோல் 177 ரூபாயிலிருந்து மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூனில் 470. ஏப்ரல் நடுவில் மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாய், ஆட்டோவுக்கு 1,500, காருக்கு 5,000 என்று உச்சவரம்பு போட்டார்கள். போட்ட அன்று 1,000 ரூபாய்க்கு நான்கு லீற்றருக்குக் கிட்ட வந்தது. நாலைந்து நாளில் விலை ஏறி மூன்று லீற்றர்கூட வரவில்லை. வரம்பை லீற்றரில் போட வேண்டும், ரூபாயில் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஒரு பௌசரில் (எரிபொருள் லொறியில்) வருவது 6,600 லீற்றர். ஆளுக்கு நான்கு லீற்றர் என்றால் 1,650 மோட்டார் சைக்கிள். வரிசையில் 2,000 பேர் நின்றால் கடைசி 350 பேர் விடியவிடிய நின்றும் வெறுங்கையோடு போவார்கள். இந்தக் கணக்கைச் செட் (எரிபொருள் நிலையம்) வாசலில் எழுதிப் போட்டு, எண் கொடுத்து அனுப்பியிருந்தால் எத்தனையோ பேர் வீட்டில் படுத்திருப்பார்கள். வரிசையிலேயே மயங்கி விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஜூன் 27ஆம் தேதி அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று சொன்னார்கள். ஜூலை முதல் வாரத்தில் நாட்டில் இருந்த பெற்றோல் சாதாரண நாளில் ஒரு நாளுக்கும் போதாது. ஜூலை 9ஆம் தேதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. 14ஆம் தேதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார்.

ஜூலை நடுவில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தது. அடையாள அட்டை எண், கைபேசிக்கு வரும் ஒருமுறை எண், வாகன எண், வாகனப் புத்தகத்தில் உள்ள செசி எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்தால் கட்டம் கட்டமான அந்தப் படம் வரும். வாரத்துக்கு மோட்டார் சைக்கிள் 4 லீற்றர், ஆட்டோ 5, கார் 20, பஸ் 40, லொறி 50. ஒருவர் பத்து செட்டில் போய் நிரப்பிப் பதுக்குவது அன்றோடு நின்றது, வரிசை வாரக்கணக்கில் சுருங்கியது. மார்ச்சிலேயே செய்திருக்கலாம் என்ற கோபம் இன்னும் பலருக்குத் தீரவில்லை. ஆனால் வாடகைக்கு ஓடுவதையும் சொந்தத் தேவைக்கு ஓடுவதையும் ஒரே தட்டில் வைத்தால் யாருக்கு அடி விழும் என்று பாருங்கள். ஆட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்றால் 5 லீற்றருக்கு 125 கிலோமீற்றர். வாடகைக்கு ஓடுபவருக்கு அது ஒரு நாள் ஓட்டம், அதிகம் போனால் ஒன்றரை நாள். மீதி நாளுக்கு அவர் கறுப்புச் சந்தையில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். லீசிங் தவணை நிற்காது.

மண்ணெண்ணெய் கதை இன்னும் மோசம். லீற்றர் 87 ரூபாயிலேயே வைத்திருந்தார்கள், கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். வடக்குக் கரையோரத்துச் சின்னப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். ஒருதரம் கடல் தொழிலுக்குப் போய்வர 20 லீற்றர் என்றால் முன்பு 1,740 ரூபாய், அன்றிலிருந்து 6,800. வலையில் என்ன விழும் என்று தெரியாமலே 6,800 ரூபாயைக் கடலில் கொட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருந்தது. வெங்காயச் செய்கைக்கு நீர் இறைப்பவரும் இதே மண்ணெண்ணெயை நம்பித்தான் இருந்தார். 90களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்துக்குத் தட்டுப்பாடு புதிதில்லை. அப்போது சாமான் வடக்குக்கு வரும் பாதையின் சோதனைச் சாவடிக்கு அங்கால் நின்றது. இந்த முறை நாட்டுக்குள்ளேயே வரவில்லை.

2022 மார்ச் 22ஆம் தேதி இங்கிருந்து 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள், கைக்குழந்தையோடு. போர் முடிந்து 13 வருடத்துக்குப் பிறகு பசிக்காகப் படகேறியவர்கள். மே மாதம் சென்னையிலிருந்து தமிழ்நாட்டு அரசின் முதல் கப்பல் 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, மருந்துகளோடு வந்தது. மருந்து பெரிய விசயம்: நாட்டின் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு இறக்குமதி. பேராதனை ஆஸ்பத்திரி மார்ச் கடைசியில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தியிருந்தது. மற்ற இடங்களிலும் நோயாளியிடம் துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். வெளியே மருந்து விலை மார்ச்சில் 29 சதவீதம், ஏப்ரலில் 40 சதவீதம் என்று இரண்டு முறை ஏறியிருந்தது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலை முந்தைய வருடத்தை விட 69.8 சதவீதம் கூடியிருந்தது, உணவு மட்டும் 94.9 சதவீதம். அதன்பிறகு வரிசைகள் போயின. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டம் வந்தது, செப்டெம்பரில் கியூஆரையும் எடுத்துவிட்டார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நெருக்கடி முடிந்துவிட்டது என்று இதைத்தான் சொல்கிறார்கள். 2023இன் மின்கட்டணச் சிட்டையைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாதம் 30 அலகு எரிக்கும் ஏழை வீடு, இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடு, 2022 ஓகஸ்ட் வரை அலகுக்கு இரண்டரை ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயுமாக 105 ரூபாய் கட்டியது. ஓகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,300. அதே மின்குமிழ், அதே மின்விசிறி. கட்ட முடியாமல் கறண்ட் வெட்டுப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் திரும்பவும் விளக்கில் படித்தார்கள்.

உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொள், முதல் சில வருடம் 12 சதவீதம், அதற்குப் பிறகு 9 சதவீதம். மாட்டேன் என்றால் 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீதம் கட்டு என்றார்கள். திறைசேரி உண்டியல் (அரசாங்கம் எடுக்கும் குறுகிய காலக் கடன்) வட்டி 30 சதவீதத்தையும் தாண்டிப் போய்வந்த காலம் அது. கட்டுநாயக்கவில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தில் மாதம் 8 சதவீதம் பிடித்து, முதலாளி 12 சதவீதம் சேர்த்துப் போடுவது அந்த நிதியில்தான். வரிசையில் நின்றவர்தான் அவர். அவருடைய ஓய்வுகாலப் பணத்தில் எவ்வளவு குறைந்தது என்பது 50 வயதில் படிவம் நிரப்பப் போகும்போதுதான் அவருக்குத் தெரியும்.